குண்டுச் சத்தமும் ஏற்காட்டு இடியும்

(ஏற்காட்டில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் முதியவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பிறந்தது ரங்கூனில். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்த நகரத்தின்மேல் குண்டு வீசின. அப்போது எனக்கு வயது ஆறு. விமானச் சண்டை எங்களுக்குப் புதிது. ஜனங்கள் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணனும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா என்னை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். "இதோ வாறேன்" என்ற அண்ணன் திரும்பி வரவில்லை. கிறிஸ்மஸ் தினத்தன்றும் குண்டு விழுந்தது.

எங்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. பணமில்லாத ஏழைகள் காட்டு வழியாக நடந்தார்கள். பசியாலும் காலராவாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள்.

சென்னை வந்தும் நிம்மதியில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையே காலியாயிற்று. நாங்களும் ரயிலேறி சேலம் வந்து, ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் வேலை பார்த்த பெரியப்பா வீட்டில் தங்கினோம்.

சேர்வராயன் மலையில் கோடை இடி எப்படி முழங்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் இடி கேட்டதுமே நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். "பயந்தாங்கொள்ளி" என்று எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்தில் காப்பிப்பழம் பறிக்கும் பாட்டி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, அது ஏரோப்ளேன் இல்ல, இடி. முதல்ல மின்னும், அப்புறந்தான் இடிக்கும். வா, எண்ணிப் பாப்போம்" என்றார். அன்று நான் வெளியே வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அவர் வந்தார். மழைக்காலம் முடியுமுன் நான் வாசலில் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வானத்தை மறுபடியும் அண்ணாந்து பார்த்தேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் உடம்பில் காயம் ஒன்றும் இல்லாததால், எனக்கு நோய் உண்டென்று வேறு யாருமே நினைக்கவில்லை.

பிரியமானவர்களே, இலங்கையில் நடந்த போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளை நம் தமிழ்நாட்டு முகாம்களில் நாம் கண்டோம். அவர்களுக்கு உணவும் உடையும் மருந்தும் கொடுத்தோம், நல்லது. ஆனால் கட்டிலுக்கடியில் ஒளியும் பிள்ளையிடம் "வெளியே வா" என்று சொல்லுமுன், தரையில் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். எனக்கு இப்போது தொண்ணூறு வயது. இடி இடித்தால் இன்றும் எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.