எண்கள் சரி, கட்டுரை சரியா?

(மட்டக்களப்பு வாவிக் கரையில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த இரண்டு நாள் வாசிப்புப் பயிற்சியில் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



நேற்று இரவு கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போனவர்கள் கையை உயர்த்துங்கள். பாடும் மீன் கேட்டதா? துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறு முனையில் காதை வைத்தால் கேட்கும் என்று தோணிக்காரர் சொன்னார். பாதிப் பேருக்குக் கேட்டது. மீதிப் பேருக்குத் தண்ணீர்ச் சத்தம்தான். எங்களுக்குக் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. "கேட்கும்" என்று ஒருவர் முதலிலேயே சொல்லிவிட்டால் காது அதைத் தேட ஆரம்பித்துவிடும். பத்திரிகை வாசிக்கும்போதும் நமக்கு இதுதான் நடக்கிறது.

இங்கே இரண்டு வகை உறவுகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். முந்தாநாள் மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் ஒரு பக்கம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் மறுபக்கம். இறங்கி வந்தவர்களைப் பற்றியும் எழுதினார்கள், மலையில் நின்றவர்களைப் பற்றியும் எழுதினார்கள். நாம் எழுதியது மிகக் குறைவு. நம்மைப் பற்றி மற்றவர் எழுதியதே அதிகம். அதனால் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எங்களுக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். 2024ஆம் ஆண்டு, சம்பளப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரம். கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா, கொழும்பில் வெளிவரும் சஞ்சிகை ஒன்றின் பக்கத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். பெயர் வேண்டாம். அதில் வந்தது செய்தியல்ல, கருத்துக் கட்டுரை. சம்பளத்தைக் கூட்டினால் தேயிலைத் தொழில் விழுந்துவிடும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் தேயிலை உற்பத்தி குறைந்துவிட்டது, கென்யாவில் ஓர் ஆள் ஒரு நாளில் எடுக்கும் கொழுந்து நம்மவர் எடுப்பதைவிடக் கூட, வீடும் வைத்தியமும் வேறு இலவசம் என்று அடுக்கிக்கொண்டே போனது.

"மாஸ்டர், இவங்க எழுதியிருக்கிறது மெய்யா?" என்று அக்கா கேட்டார்.

"பொய் அக்கா" என்று சொன்னோம்.

"எது பொய்?" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். பொய்யென்று அடிக்கோடு போட ஓர் எண்கூட அகப்படவில்லை. உற்பத்தி குறைந்தது உண்மை. கென்யாவில் கூட எடுப்பதும் உண்மை. எண்ணெல்லாம் சரி, ஆனால் கட்டுரை பிழை. அது எப்படி? அன்றிரவு நாங்கள் தூங்கவில்லை. இந்தப் பேச்சு அந்த இரவில் தொடங்கியதுதான்.

உற்பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் நாடு முழுவதும் செய்த தேயிலை ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ. 2022இல் அது 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. ஒரே வருடத்தில் பெரிய விழுக்காடு. இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் "தொழிலாளரின் உற்பத்தித்திறன்" என்று எழுதினால், வாசிப்பவர் மனதில் என்ன படம் வரும்? மலையில் கை கட்டி நிற்கும் ஒரு பெண்தான் வருவாள். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை போட்டதை அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் உரமில்லாமல் மஞ்சளடித்த செடி அடுத்த வாரமே துளிர்க்குமா? இங்கே இருக்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் அந்த மாதங்களில் மலை எப்படிக் கிடந்தது என்று சொல்வார். கூடைக்குக் கொழுந்து இல்லை, கிலோ சேரவில்லை என்று அரைப்பேர் போட்டார்கள். செடி பட்டினி கிடந்ததற்கும் தண்டனை எடுத்தவளுக்கு.

இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. தேயிலை ஏற்றுமதிச் சரக்கு. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை 2021இல் இருந்ததைப் போல 2022இல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உரமும் எரிபொருளும் கம்பனிகளுக்கு ஏறின, அதை மறைத்தால் நாமும் அதே பிழையைச் செய்தவர்களாவோம். ஆனால் நம் நாட்சம்பளம்? 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் வந்த 1000 ரூபா, 2024 செப்ரெம்பர் வரை 1000 ரூபாவாகவே நின்றது. அரிசி நின்றதா? மா நின்றதா? கட்டுரையில் ஏல விலையும் இல்லை, மாவின் விலையும் இல்லை.

கென்யாவுக்கும் வருவோம். அங்கே பல தோட்டங்களில் இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். செடிகளும் நம்முடையவற்றைவிட இளையவை. நம் மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வித்துச் செடிகள் இன்னும் நிற்கின்றன. மறுநடுகை செய்வது கம்பனியின் வேலை, கொழுந்து எடுப்பவரின் வேலையல்ல. இயந்திரத்தையும் கையையும், இளஞ்செடியையும் கிழச்செடியையும் ஒரே தராசில் போட்டுவிட்டு முள்ளை மட்டும் காட்டுகிறார்கள்.

ஆகவே பிள்ளைகளே, ஒரு கருத்துக் கட்டுரையை வாசிக்கும்போது இருப்பதை வாசித்தால் போதாது. இல்லாததைத் தேட வேண்டும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. அந்த அக்கா எட்டாம் வகுப்பு. மறுநாள் வந்து சொன்னார்: "இதிலே அரைப்பேர் பத்தி ஒரு சொல்லும் இல்லையே மாஸ்டர். இவங்க எழுதினது முழுப்பேர் விழுகிற நாளைப் பத்தி மட்டும்." நாங்கள் மூன்று தடவை வாசித்தும் கண்டுபிடிக்காததை அவர் ஒரே தடவையில் கண்டுபிடித்தார். செக்ரோலில் தன் பெயர் எப்படி விழுகிறது என்று தெரிந்தவருக்கு அது தெரியாமல் போகுமா?

அடுத்தது தொனி. நமக்குக் கிடைப்பது "சலுகை", அவர்களுக்குக் கிடைப்பது "ஊக்குவிப்பு". நாம் கேட்டால் "பிடிவாதம்", அவர்கள் மறுத்தால் "நிலைப்பாடு". நாம் வேலையை நிறுத்தினால் "தொழில் பாதிப்பு", அவர்கள் தோட்டத்தைக் காடாக விட்டால் "மறுசீரமைப்பு". "இலவச வீடு" என்று எழுதுகிறவரை ஒரு மழை இரவு லயத்தில் படுக்க வைத்தால், அடுத்த வாரம் "இலவச" என்ற சொல்லை அவரே வெட்டிவிடுவார்.

வினைச்சொல்லையும் பாருங்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இதையே "அமைதியின்மையின்போது ஒருவர் உயிரிழந்தார்" என்றும் எழுதலாம். இரண்டிலும் பொய் இல்லை. இரண்டாவதில் சுட்டவர் இல்லை, துப்பாக்கி இல்லை, கோவிந்தனும் இல்லை. யார் செய்தார் என்று வாக்கியத்தைக் கேளுங்கள். பதில் சொல்லாத வாக்கியத்தில் யாரோ ஒளிந்திருக்கிறார்.

இதில் இன்னொரு வகையும் உண்டு, அதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். நம்மைத் திட்டும் கட்டுரையை நாம் கண்டுபிடித்துவிடுவோம். நமக்காக அழும் கட்டுரையை? பனி, பச்சை மலை, முதுகில் கூடை, சுருக்கம் விழுந்த ஒரு முகம். கீழே நான்கு பக்கக் கண்ணீர். வாசித்தவர் "பாவம்" என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். அந்த நான்கு பக்கத்தில் தொழிற்சங்கம் என்ற சொல் வராது. படத்தில் இருக்கும் அம்மா கூட்டத்தில் எழுந்து பேசுபவராக இருப்பார், தலைவியாகக்கூட இருப்பார், கட்டுரையில் அவருக்கு வாயே இருக்காது. "பாவம்" என்ற சொல்லுக்கும் பக்கச்சார்பு உண்டு. நமக்கு வேண்டியது இரக்கமா, சம்பளமா?

நோக்கத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. எப்போது வெளிவந்தது, யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று மூன்றையும் பாருங்கள். சம்பளச் சபை கூடுகிற கிழமையில் வெளிவருகிற கட்டுரை பெரும்பாலும் தற்செயலாக வருவதில்லை. எதிர்ப்பக்கத்தில் என்ன விளம்பரம் என்றும் ஒரு கண் போடுங்கள்.

"அப்படியானால் பக்கம் சாராமல் எழுதுகிறவரைத்தான் நம்ப வேண்டுமா?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். இல்லை தம்பி. கல்லடிப் பாலம் திறந்தது 1924இல். அதே 1924இல்தான் கோ. நடேசய்யர் கொழும்பில் "தேசபக்தன்" பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முன் "தேசநேசன்" நடத்தியவர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். தோட்டத்துக்குள் வெளியாரை விடமாட்டார்கள் என்பதால் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் நம் ஆட்களின் நிலையைப் பார்த்து வந்தார் என்பது உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட கதைதான். அவர் நடுநிலையாக எழுதினாரா? ஒருநாளும் இல்லை. முதல் வரியிலேயே தான் எந்தப் பக்கம் என்று தெரியும்படி எழுதினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கமே கட்டினார். பக்கத்தைச் சொல்லிவிட்டு எழுதுகிறவரோடு நீங்கள் வாதாடலாம், கணக்குக் கேட்கலாம். "நான் எந்தப் பக்கமும் இல்லை, எண்ணைத்தான் சொல்கிறேன்" என்று வருகிறவரிடம்தான் அதிகம் கேட்க வேண்டும்.

இந்த ஊர் பெற்ற எழுத்தாளர் தர்மரத்தினம் சிவராம். "தராக்கி" என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதினார். அவர் ஒரு காலத்தில் ஆயுத இயக்கமொன்றில் இருந்ததும், பிறகு தமிழ்நெற்றின் ஆசிரியராக இருந்ததும் ஊரறிந்த விஷயம். அவரோடு உடன்படாதவர்களும் அதை அறிந்துகொண்டே அவரை வாசித்தார்கள். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முதல் வருடம், 2004 மே 31 அன்று, வீரகேசரிக்கு எழுதிவந்த ஐயாத்துரை நடேசன் இதே மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டுரையில் குறை கண்டால் எழுத்தாலேயே பதில் சொல்ல வேண்டும் என்பதை இந்த ஊரில் நின்றுகொண்டு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இப்போது கசப்பான பகுதி. நம் சொந்தப் பத்திரிகை. 2024 மே தினத்தன்று நாட்சம்பளம் 1700 ரூபா என்று அறிவித்தார்கள். பட்டாசு கொளுத்தினோம். அந்த மாத இதழின் முகப்பில் "1700 கிடைத்தது" என்று போட்டோம். அந்த 1700இலேயே 1350 ரூபாதான் அடிப்படை, மீதி 350 கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைக்காலமாக நிறுத்தியது. செப்ரெம்பரில் கடைசியாக வந்தது 1350. "அறிவித்தார்கள்" என்று எழுத வேண்டிய இடத்தில் "கிடைத்தது" என்று எழுதினோம். அந்த ஒரு சொல்லை நம்பிக் கடையில் கடன் எழுதியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கு அவர்களைத் தெரியும். நம் பக்கத்தைச் சேர்ந்தது என்பதால் நாமும் அதை இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. கேட்கும் என்று சொன்னார்கள், கேட்டுவிட்டது.

இனிமேல் இந்த இதழில் சம்பளச் செய்தி வந்தால் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: அடிப்படை எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, எந்தத் திகதியிலிருந்து, வர்த்தமானி வந்ததா. இல்லாவிட்டால் தலைவர் ஐயா என்றோ மாஸ்டர் என்றோ பார்க்காமல் எங்களைப் பிடித்துக் கேளுங்கள்.

தேநீருக்குப் பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து உட்காருவோம். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு தாள். ஒன்று அக்கா கொண்டுவந்த கட்டுரை, மற்றது நம்முடைய அந்த மே மாத முகப்பு. வாசிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், வேலை தெரிந்த பெரியவர் இல்லாததைச் சொல்லட்டும். கண்டுபிடித்ததை இரண்டு கடிதமாக எழுத வேண்டும். ஒன்று அந்தச் சஞ்சிகையின் ஆசிரியருக்கு, மற்றது நம் ஆசிரியருக்கு. அக்கா தன் கடிதத்தை நேற்றே எழுதிவிட்டார். அரைப்பேர் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு பக்கம், தன் செக்ரோல் கணக்கோடு. தாளும் பேனாவும் பின்மேசையில் இருக்கின்றன.