எல்லைக் கோடும் ஓர் இதழாளரும்



பத்தாம் ஆண்டு விழாவில் ‘இதழாளர் பாரதி’ என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். சேதராப்பட்டில் இதனைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவு நடந்தாலே புதுவை நிலம் முடிந்து தமிழக எல்லை தொடங்கிவிடும். இன்று நாம் கவனியாமலே கடக்கும் இக்கோடு, 1908இல் ஓர் எழுத்தாளருக்குச் சிறைக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட கோடாக இருந்தது.

1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியார், 1906இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழில்தான் தம் அரசியல் குரலை முழுமையாக எழுப்பினார். பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கங்களான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் அதன் முகப்பில் பொறிக்கப்பட்டன. கருத்துப்படங்கள் எழுத்தறியாதாரிடமும் அரசியலைக் கொண்டு சென்றன. சந்தாவிலும் ஒரு கொள்கை இருந்தது. அரசாங்கத்தார்க்கு ஆண்டுக்கு 50 ரூபாய், ஜமீன்தார்க்கும் அரசர்க்கும் 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருவாயுள்ளோர்க்கு 15, ஏனையோர்க்கு 3. முகப்பில் அச்சிட்ட சமத்துவத்தைக் கணக்கேட்டிலும் கடைப்பிடித்த இதழ் அது.

1908இல் அரசு நிந்தனை வழக்கு வந்தது. எழுதியவர் பெரும்பாலும் பாரதியார். சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் எம்.சீனிவாசன். சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்து சேர்ந்தார்.

“அவர் தப்பி வந்தது சரியா, அம்மா?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். சற்றே தயங்கித்தான் விடை சொன்னேன். வந்தவர் வாளா இருந்திருந்தால் அது ஒளிதல். அவரோ அதே ஆண்டு அக்டோபரில் ‘இந்தியா’வைப் புதுவையிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார்; ‘விஜயா’, ‘கர்மயோகி’ முதலிய இதழ்களிலும் எழுதினார். ஆயினும் சீனிவாசன் கழித்த சிறைநாள்களை எந்த எழுத்தும் ஈடுசெய்யாது. இதனையும் அவளிடம் சொன்னேன்.

ஆங்கில அரசால் புதுவையில் இருந்த பாரதியாரைப் பிடிக்க முடியவில்லை. அவருடைய வாசகரைப் பிரிக்க முடிந்தது. வாசகருள் மிகுதியானோர் எல்லைக்கு அப்பால் ஆங்கில இந்தியாவில் வாழ்ந்தனர். அஞ்சலில் சென்ற இதழ்கள் ஆங்காங்கே தடுக்கப்பட்டன. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. எழுதிய கையைக் காத்த எல்லையே படிக்கும் கண்ணை மறைத்தது.

இதழ்கள் ஓய்ந்த பின்னர்ப் புதுவை நமக்குப் பாஞ்சாலி சபதத்தையும் கண்ணன் பாட்டையும் குயில் பாட்டையும் தந்தது. இதழாளர் வாய் அடைபட்டதால் கவிதை பிறந்தது என்று மகிழ்வோர் உண்டு. எனக்கு அம்மகிழ்ச்சி முழுமையாக வாய்ப்பதில்லை. 1918 நவம்பரில் எல்லையைக் கடந்ததும் அவர் கைதானார். விடுதலையான பின், 1920இல் மீண்டும் சுதேசமித்திரனுக்கே திரும்பினார் என்பது, அவர் நெஞ்சம் எதற்கு ஏங்கியிருந்தது என்பதைக் காட்டும். மறுஆண்டே மறைந்தார்.

இன்று கைப்பேசியில் எழுதும் கருத்து நொடிப்பொழுதில் கடல் கடக்கிறது. எனினும், படிப்பார் இன்றேல் எழுத்து இல்லை. நம் வட்டம் பத்தாண்டு நிலைத்ததற்குப் பேசியவர்களைவிட, வந்தமர்ந்து கேட்ட நீங்களே காரணம். பாரதியை நினைக்கும்போது, அவர் இதழுக்காகச் சிறை புகுந்த சீனிவாசனையும், தடைக்கு அஞ்சாது அதனைத் தேடிப் படித்த பெயரறியா வாசகரையும் சேர்த்தே நினைப்போம்.