நாலாம் மாடியில் ஒரு வைன் போத்தல்



வைனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில வீடுகளில் அம்மாமார் வானொலியின் சத்தத்தைக் குறைக்கக்கூடும். தயவுசெய்து குறைக்க வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்லி நான் வரவில்லை. ஆனால் பரிஸிலும் அதன் புறநகர்களிலும் இருக்கிற எங்கள் வீடுகளில், ஒரு சொட்டுக்கூடத் தொடாத வீடுகளிலும், வைன் போத்தல் ஒன்றாவது இருக்கும். நத்தாருக்கு வேலையிடத்துப் பத்ரோன், அதுதான் முதலாளி, தந்திருப்பார். இல்லாவிட்டால் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்திருப்பார். அதை எங்கே வைக்கிறோம்? வரவேற்பறை ஷோகேஸில், பிள்ளைகள் வென்ற கிண்ணங்களுக்கும் குட்டி ஈபிள் கோபுரத்துக்கும் நடுவில். மேலே ஒரு சின்ன மின்விளக்கு, கீழே சோபாஜ், அதுதான் வெப்பமூட்டி. வைனை ஆறுதலாகக் கொல்வதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். பரிஸுக்கு வந்த எத்தனையோ பேரைப் போல நானும் உணவகத்தில் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். கோப்பை கழுவுகிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேலே வைன் முடிந்தால் கீழே காவுக்கு, அதுதான் நிலவறைக்கு, ஓட வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் அடுப்புக்கும் கழுவும் மெஷினுக்கும் நடுவே அவிந்துகொண்டு நிற்கும்போது, சமையல்கார அண்ணை “தம்பி, கீழே போய் ஆறு போத்தல் எடுத்து வா” என்றால் எனக்கு அது வரம். கல்படியில் இறங்க இறங்கக் கழுத்து வேர்வை ஆறிவிடும். அதே படியில் ஜனவரியில் இறங்கினால் கதகதப்பாக இருக்கும். வெப்பமானியைப் பார்த்தால் இரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே எண். பிற்பாடு வைன் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, சிவப்பையும் வெள்ளையையும் முறையாகக் கற்ற பிறகும், இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால் அந்தப் படிக்கட்டைத்தான் சொல்வேன்.

அதனால் நிலவறையில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அறிவிப்பாளர் தங்கை கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும். பரிஸ் 14ஆம் வட்டாரத்தில் வானாய்வகம் இருக்கிறதல்லவா, பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1667இல் கட்டத் தொடங்கியது. எல்லோரும் அதன் உச்சியைப் பார்ப்பார்கள். என் கண் அதன் அடியில்தான். அங்கே 28 மீற்றர் ஆழத்தில், பழைய கல்லுடைச் சுரங்கங்களில், நிலவறைகள் இருக்கின்றன. கோடை மாரி என்ற பேதமில்லாமல் அங்கே குளிர் ஒரே நிலையில் நிற்பதை அந்தக் காலத்து அறிஞர்கள் கவனித்துவிட்டார்கள். வெப்பமானி செய்கிறவர்களுக்கு அப்போது ஒரு பெரிய தலையிடி: கண்ணாடிக் குழாயில் கோடு கீற வேண்டுமானால் உலகத்தில் அசையாத ஒரு புள்ளி வேண்டும். சிலர் இந்த நிலவறையின் வெப்பநிலையையே அப்படி ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள். 1783இல் வேதியியலாளர் லவுவாசியேயின் நுட்பமான வெப்பமானி ஒன்றை அங்கே நிறுவினார்கள். அங்கே வெப்பநிலை 12 பாகை செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு.

இனிமேல் எந்த வைன்காரரிடமும் போய், வைனை எத்தனை பாகையில் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 12 என்பார். இது தற்செயல் இல்லை. பரிஸில் வருடம் முழுவதும் அடிக்கிற வெயிலையும் பனியையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய அந்த எண்தான் வரும். ஆழத்தில் உள்ள மண் அந்தச் சராசரியையே பிடித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்ட மண்ணுக்குள் வைனை வைத்துப் பழகினார்கள், அந்தக் குளிரில் வைன் எப்படி முதிர்கிறது என்று கண்டார்கள், அதையே அளவாக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் வீட்டில் 12 பாகை இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 16, 17 பாகையில் ஆடாமல் அசையாமல் இருந்தால் ஒரு சாதாரண வைன் இரண்டு மூன்று வருடம் நன்றாகவே இருக்கும். சூட்டில் வைன் கொஞ்சம் வேகமாக முதிரும், அவ்வளவுதான். காலையில் 15, மத்தியானம் 28, இரவு மறுபடி 17 என்று ஏறி இறங்குவதுதான் போத்தலை உடைக்காமலே உடைக்கிற வேலை.

அசையாத குளிர் என்ன செய்யும் என்பதற்குக் கடலுக்கடியிலிருந்தே சாட்சி உண்டு. 2010இல் பால்டிக் கடலில், ஓலண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றில் 168 போத்தல் ஷாம்பேன் அகப்பட்டது. கிட்டத்தட்ட 170 வருடப் பழசு. இருட்டு, இரண்டு முதல் நாலு பாகைக் குளிர், அலை தொடாத ஆழம். திறந்ததும் நனைந்த மயிர் வாசமும் பாலாடைக்கட்டி வாசமும் அடித்ததாம். கிளாஸில் சுழற்றிக் காற்றுப் பட விட்டதும் அந்த வாசம் போய்ப் புகையும் தோலும் பழமும் பூவும் வந்தன என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். நாங்கள் யாரும் ஷோகேஸைக் கடலில் இறக்கப் போவதில்லை, ஆனாலும் சொல்ல ஆசையாக இருந்தது.

சூடு ஏறி இறங்கும்போது போத்தலுக்குள் என்னதான் நடக்கிறது? வைன் சூடானால் விரியும். கண்ணாடி அந்த அளவுக்கு விரியாது. வைனுக்கும் தக்கைக்கும் இடையில் விரலகலம்கூட இல்லாத ஒரு காற்றிடம். அழுத்தம் முழுக்க அங்கேதான். அது தாங்காதபோது வைன் தக்கையின் ஓரத்தால் கசிந்து மேலே வரும், அல்லது தக்கையே மெல்ல எழும்பும். இரவில் குளிர்ந்ததும் வைன் சுருங்கி, விட்ட இடத்துக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பகலும் இரவும் இதே கதையென்றால் அந்த வைனுக்குக் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் கடைக்கு ஒரு செப்டெம்பர் காலையில் வாடிக்கையாளர் ஒருவர் கோபத்தோடு வந்தார். எங்களிடம் வாங்கிய வைன் எல்லாம் பழுதாம், பழவாசமே இல்லையாம், ஜாம் காய்ச்சிய வாசம் அடிக்கிறதாம். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைத் தட்டிலிருந்து அதே வைன் ஒன்றை எடுத்து, கழுத்தில் இருக்கிற காப்ஸ்யூலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் திருகினார். வழுக்கிக்கொண்டு சுழன்றது. வந்தவருடைய போத்தலைத் திருகினார். அசையவில்லை. கத்தியால் காப்ஸ்யூலை வெட்டி எடுத்தால், கண்ணாடி விளிம்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பில் பிசுபிசுப்பாக ஒரு வளையம். தக்கை நகத்தின் கனம் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. “இது காரின் டிக்கியில் எவ்வளவு தூரம் போய்வந்தது, மிஸ்யூ?” என்று மட்டும் கேட்டார். விடுமுறைக்குத் தெற்கே பெர்ப்பினியோன் வரை போய்வந்ததாம். ஓகஸ்டில்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஆனால் ஒன்று, காப்ஸ்யூல் சுழலாத போத்தல் எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிலவற்றை ஆலையிலேயே இறுக்கி அழுத்திவிடுவார்கள். சுழலாததோடு பிசுக்கும் இருந்தால்தான் சந்தேகம்.

சரி, புறநகரில், லா கூர்நெவ்விலோ பொபினியிலோ, நாலாம் மாடியில் இருக்கிறவர் என்ன செய்வது? காவ் இல்லை. இருந்தாலும் அதற்குள் சைக்கிளும் பழைய மெத்தையும்தான். சில கட்டடங்களில் சோபாஜ் குழாயே காவுக்குள்ளால் போகும், அங்கே வைப்பதைவிட மேலே வைப்பது நல்லது. நான் சொல்கிற வழி இது. வெறும் வைன் போத்தல் ஒன்றில் தண்ணீரை நிரப்புங்கள். வைக்கலாம் என்று நினைக்கிற இடத்தில் ஒரு நாள் விடுங்கள். பிறகு சமையல் வெப்பமானியை, அந்த நீட்டுக் கம்பி உள்ளதை, உள்ளே விட்டுப் பாருங்கள். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், சில நாளைக்கு எழுதி வையுங்கள். சுவரில் தொங்குகிற வெப்பமானி யன்னலைத் திறந்தாலே துள்ளும். தண்ணீர் அப்படித் துள்ளாது, வைன் உணர்கிற சூட்டையே காட்டும். காலைக்கும் பின்னேரத்துக்கும் எந்த இடத்தில் வித்தியாசம் மிகக் குறைவோ அதுதான் உங்கள் காவ்.

பெரும்பாலான வீடுகளில் அது நடையில் இருக்கிற அலுமாரியின் அடித்தட்டாக இருக்கும், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில். அல்லது வெயில் படாத சுவரோரக் கட்டிலின் கீழ். பழைய கட்டடத்தில் பாவிக்காத கணப்படுப்பு இருந்தால் அதற்குள்ளும் வைத்துப் பார்க்கலாம். பிரிட்ஜின் தலையில் மட்டும் வேண்டாம், அதன் மோட்டார்ச் சூடு ஓயாது. பல்கனி வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே சின்ன அறையில் இருக்கிற தம்பிமார் வைனை வாங்கி வைக்கவே வேண்டாம், வாங்கின கிழமையே நண்பர்களைக் கூப்பிடுங்கள். போத்தல்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமல், நெருக்கமாகப் படுக்க வைத்து, மேலே ஒரு பழைய கம்பளியைப் போட்டுவிடுங்கள். கூட்டமாகக் கிடந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும். 2019 யூலை 25ஆம் திகதி பரிஸ் மொன்சூரி வானிலை நிலையத்தில் 42.6 பாகை அடித்தது, நினைவிருக்கும். அப்படி ஒரு வாரம் மறுபடி வந்தால், முக்கியமான போத்தலைப் பிரிட்ஜின் மரக்கறித் தட்டுக்கு மாற்றுங்கள். சில கிழமை அங்கே இருந்தால் ஒன்றும் ஆகாது. வருடக் கணக்கில்தான் கூடாது, பிரிட்ஜின் வறண்ட காற்றில் தக்கை காய்ந்துவிடும்.

படுக்க வைப்பதும் அந்தத் தக்கையை ஈரமாக வைக்கத்தான். திருகு மூடிக்கு அது தேவையே இல்லை. ஷாம்பேனும் நிமிர்ந்து நிற்கலாம், உள்ளே இருக்கிற ஈரக் காற்றே அதன் தக்கைக்குப் போதும். வெளிச்சம் மட்டும் பொல்லாதது. லூயி ரோடரே நிறுவனம் 1876இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காக நிறமில்லாக் கண்ணாடியில் செய்த கிறிஸ்தால் ஷாம்பேனை இன்றைக்கு மஞ்சள் தாளில் சுற்றி விற்கிறார்களே, அலங்காரத்துக்கு என்றா நினைத்தீர்கள்? நிறமில்லாப் போத்தலில் உள்ள வெள்ளை வைன் வெளிச்சத்தில் நின்றால் அவித்த கோவா வாசம் அடிக்கத் தொடங்கும். ஷோகேஸ் விளக்கை இன்றைக்கே நிறுத்துங்கள்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. பிள்ளை பிறந்த வருடத்து வைனை வாங்கி வைத்து, பதினெட்டு வயதில் திறக்கிற வழக்கம் இங்கே உண்டு. எங்கள் இளம் பெற்றோரும் இப்போது கடைக்கு வந்து கேட்கிறார்கள். நான் முதலில் வீட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். எந்த மாடி, யன்னல் எந்தப் பக்கம், காவ் இருக்கிறதா? இல்லை என்றால், விலையுயர்ந்த போர்தோ வைனை விட்டுவிடுங்கள் என்பேன். ஏற்கெனவே வெயிலில் வளர்ந்த வைன் இருக்கிறதே! தெற்கே மொரி என்ற ஊரில் இனிப்பு வைனைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, திறந்த வெளியில் வெயிலிலும் பனியிலும் ஒரு வருடம்வரை விடுகிற தோட்டக்காரர் உண்டு. போர்த்துக்கலின் மதேராத் தீவில் சில வகைகளை 45 முதல் 50 பாகைவரை சூடாக்கி மூன்று மாதமாவது வைப்பார்கள். முன்பு மதேராப் பீப்பாய்கள் கப்பலேறி, வெப்பமண்டலக் கடல்களைத் தாண்டி இந்தியப் பக்கம் போய்த் திரும்பி வந்தால் முன்னைவிட நன்றாக இருந்ததைக் கண்டுதான் இந்த வேலையே தொடங்கியது. எங்கள் கடல் வெயில் குடித்த வைன் அது! இப்படிப்பட்ட வைனுக்கு உங்கள் நாலாம் மாடி ஒரு பொருட்டே அல்ல. நூறு வருட மதேராவை இன்றும் திறந்து குடிக்கிறார்கள்.

நேரம் முடிந்தது என்று தங்கை கையைக் காட்டிவிட்டார். கடைசியாக, செப்டெம்பர் மலிவு விற்பனையில் போத்தலொன்று நாலைந்து யூரோ என்று வாங்கும் பெட்டிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வைத்து அழகு பார்க்காதீர்கள், அவை சீக்கிரம் குடிக்கச் செய்தவை. திறந்து மிஞ்சியதை அதே தக்கையால் மூடிப் பிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், சிவப்பையும்தான். மூன்று நாலு நாள் தாங்கும். திறந்த ஷாம்பேனின் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்பார்கள், சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பலனில்லை.

வருகிற கோடைக்கு முன்னால் சில வீடுகளிலாவது தண்ணீர்ப் போத்தலும் வெப்பமானியும் அலுமாரிக்குள் போகும் என்று நம்புகிறேன். எழுதி வைத்த எண்களோடு எத்தனையாம் மாடி, யன்னல் எந்தத் திசை என்பதையும் நிலையத்துக்கு அனுப்புங்கள். அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம்.