காலில் ஓர் எண்



பத்து ரூபாய் நாணயம் ஒன்றையும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 11 கிராம் இருக்கும். ரஷ்யா, கஜகஸ்தான் பக்கமிருந்து ஆண்டுதோறும் நம் வேலியோரப் புதர்களுக்கு வந்து சேரும் பிளித் நாணல் கதிர்க்குருவியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கல்லோடு கல்லைத் தட்டுவதுபோல் 'டக், டக்' என்று வேலிக்குள்ளிருந்து சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள், ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்தக் குருவியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்குப் போக வேண்டும். சோழமண்டலக் கரை தெற்கே வந்துகொண்டே இருந்து, அங்கே சட்டென்று மேற்கே மடங்கிவிடுகிறது. எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் யாழ்ப்பாணம். கரையைப் பிடித்துக்கொண்டு வரும் பறவைக்கு நிலம் தீர்ந்துபோகிற இடம் அது. இலங்கைக்குப் போகிறவை கடல் தாண்டுமுன் பாலை மரக்காட்டில் இறங்கும். மற்றவை அங்கேயே தங்கிவிடும். 1967-இல் சரணாலயமான இந்த ஊருக்கு ஜனங்கள் போவது பூநாரையையும் வெளிமானையும் பார்க்கத்தான். காட்டுக்குள் இறங்கும் சிறு குருவிகளுக்காகப் போகிறவர்கள், அவை எங்கே போய்வருகின்றன என்று அறிய அவற்றின் காலில் எண் பொறித்த வளையம் போடும் சிலர் மட்டுமே.

வளையம் போடும் வழக்கத்தை முறையாகத் தொடங்கியவர் டென்மார்க்கின் மார்ட்டென்சென் என்ற பள்ளி ஆசிரியர், 1899-இல். நம் நாட்டில் அது பெரிய அளவில் நடக்கக் காரணம் பறவை ஆசை அல்ல, ஒரு காய்ச்சல். 1957-இல் சிவமொக்கா பக்கம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணி வழியாகப் பரவிய அந்தக் கிருமி, ரஷ்யாவில் கண்ட ஒரு கிருமிக்கு உறவாக இருந்தது. வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணியோடு சுமந்து வந்திருக்குமோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்ய, பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் வலை விரித்தது. பறவைகள் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. வளையம் மட்டும் நிலைத்துவிட்டது.

வலை என்றால் மீன் வலையை நினைக்காதீர்கள். தலைமுடி போன்ற மெல்லிய கறுப்பு இழை. ஜப்பானில் பறவை வேட்டைக்குப் பயன்பட்டது. அங்கே அதை மூடுபனி வலை என்பார்கள். விடியுமுன் இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. மோதுகிற குருவி, வலையின் தொய்வில் பைக்குள் விழுந்ததுபோல் கிடக்கும். எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சிறகு போய்விடும். மழை தூறினாலோ வலையைச் சுருட்டிவிட வேண்டும், நனைந்த குருவி குளிரிலேயே செத்துப்போகும். பறவை வரும் ஐப்பசிதான் மழைக்கும் மாதம் என்பது கோடியக்கரையின் பழைய சங்கடம்.

ஒருமுறை பழுப்புக் கீச்சான் விழுந்த வலையை நோக்கி ஆசையாகக் கை நீட்டினேன். "தம்பி, விரலைக் கவனிங்க, அது கடிக்கும்" என்றார் உதவிக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் கடித்துவிட்டது.

கதிர்க்குருவி கடிப்பதில்லை. அதன் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அடங்கிவிடும். இதயம் துடிப்பது தெரியாது, கை முழுவதும் ஓர் அதிர்வுதான் தெரியும். காலில் அலுமினிய வளையத்தைப் பூட்டி, இறக்கையை அளந்து, கடைசியாகத் தொண்டைக்குக் கீழே மெல்ல ஊதுகிறார்கள். இறகு விலகும். தோல் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். அந்தக் குழி நிறைந்திருந்தால் நெடுந்தூரம் பறக்கக் கையிருப்பு உண்டு. வெறுமையாக இருந்தால், வந்து சேர்ந்த களைப்பு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

இது பறவைக்குத் துன்பமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. துன்பம்தான். அது பயப்படுவதில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆனால் வேறு வழியும் குறைவு. பெரிய பறவையின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டலாம். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது வழக்கம். 11 கிராம் குருவிக்கு அது மிஞ்சினால் அரை கிராம். அவ்வளவு சிறிய கருவிகளும் இப்போது உண்டு, ஆனால் அவற்றில் பலவும் அதே குருவியை மறுபடி பிடித்தால்தான் விவரம் தரும். ஆகவே இன்றைக்கும் சின்னக் குருவிக்கு வளையம்தான்.

வளையம் போட்ட குருவிகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பற்றி மறுபடி சேதியே வராது. வந்தால் அது பெரிய சேதி. பம்பாய்ப் புறநகரில் வளையமிட்ட ஒரு கருஞ்சாம்பல் வாலாட்டி, வடக்கே போய்விட்டு அதே புல்தரைக்கே ஆண்டுதோறும் திரும்பியதை சாலிம் அலி பதிந்திருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைக் காட்டை முறித்துப் போட்டபோது எனக்கு அந்த வாலாட்டிதான் ஞாபகம் வந்தது. போன வருஷத்துப் புதரைத் தேடி வருகிற குருவி என்ன செய்யும்?

உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் மாடிப்படியிலும் வராந்தாவிலும் விழுந்து கிடக்கும். பச்சை முதுகும், வாலடியில் சிவப்புமாக இருக்கும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள். விடுமுன் காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கழற்ற வேண்டாம். எந்தக் குருவியானாலும், செத்துக் கிடந்தாலும் இப்படியே. எண்ணோடு ஊர்ப் பெயரையும் தேதியையும் சேர்த்து, மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதிப் போடுங்கள்.