ஐந்தாண்டு பூட்டிக் கிடந்த பள்ளி

(நமது சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் நம்மில் எவரும் வீட்டு வாடகையைப் பற்றி முதலில் வினவுவதில்லை. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்றே வினவுகின்றோம். படிப்பில் ஓராண்டு வீணாகிவிடுமோ என்னும் அச்சத்தை இக்காலனியின் இல்லங்கள் அனைத்தும் அறியும். ஐந்தாண்டு வீணாய்ப் போன ஊர் ஒன்றின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம். அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் உள்ள பார்ம்வில் என்பது அவ்வூர்.

வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்பது அங்கே அந்நாளைய சட்டம். கறுப்பினத்தார்க்கென 1939-இல் எழுந்த உயர்நிலைப் பள்ளிக்கு, டஸ்கெகீ கல்வி நிலையத்தின் தலைவராக விளங்கிய இராபர்ட் ரசா மோட்டன் என்பாரின் பெயரைச் சூட்டினர். பெயர் பெரிது, கட்டடமோ சிறிது. 180 பேர் பயிலத்தக்க அவ்விடத்தில், 1950-ஐ ஒட்டி 450 பேர் வரை நெருக்குண்டு கிடந்தனர். உடற்பயிற்சிக் கூடம் இல்லை. உணவுக் கூடமும் இல்லை. இடப் பற்றாக்குறையைப் போக்க வெளியே தார் பூசிய தாளைப் போர்த்திய கொட்டகைகள் எழுந்தன. மழை பெய்தால் அவை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்தவர் புழுங்கினர். அப்பால் இருந்தவர் மேலங்கியைக் கழற்றாமல் நடுங்கினர். பெற்றோர் புதிய கட்டடம் வேண்டி விண்ணப்பித்தவாறே இருந்தனர்.

1951 ஏப்ரல் 23 அன்று பிள்ளைகளே செயலில் இறங்கினர். மாணவர் சிலர் பேருந்து நிலையத்தில் இடரில் சிக்கியிருப்பதாகத் தொலைபேசியில் சொல்லித் தலைமையாசிரியரை வெளியே போக்கினர். பின்னர் அவர் அழைப்பது போன்ற சீட்டுகளை வகுப்புகளுக்கு அனுப்பினர். மன்றத்தில் அனைவரும் கூடினர், திரை விலகிற்று. மேடையில் நின்றவர் தலைமையாசிரியர் அல்லர்; பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவி. அவர் பேசி முடித்ததும் பள்ளி முழுவதும் வெளியேறிற்று.

பொய்த் தகவல் தந்ததை நாம் பாராட்டுகின்றோமா என்று இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். அவர் இதனை அறிந்திருந்தார் என்னும் பழி அவரைச் சாராதிருக்கவே பிள்ளைகள் அவ்வாறு செய்தனர். எனினும் அவ்வாண்டே அவர் பதவியை இழந்தார்.

வேலைநிறுத்தம் இரு வாரம் நீடித்தது. ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் இராபின்சன் என்னும் வழக்கறிஞர் இருவர் உதவிக்கு வந்தனர். புதிய கட்டடம் மட்டுமே கேட்பதானால் வழக்கை ஏற்க இயலாது. பிரிவினையையே எதிர்ப்பதானால் ஏற்போம் என்றனர். பெற்றோர் ஒப்பினர். மே 23 அன்று 117 மாணவர் பெயரால் வழக்குத் தொடுக்கப்பட்டது. பிரௌன் வழக்கு என்று உலகறிந்த ஐந்து வழக்குகளுள் மாணவர் போராட்டத்தினின்று பிறந்தது இது ஒன்றே. 1953-இல் மாவட்டத்தார் புதிய மோட்டன் பள்ளியைக் கட்டித் திறந்தனர். தனிப் பள்ளி என்னும் ஏற்பாடு மாறவில்லை. 1954 மே 17 அன்று, இனம் பிரித்துக் கற்பித்தல் அரசியலமைப்பிற்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெற்றி கிட்டியது என்றே நாம் எண்ணுவோம். நிகழ்ந்ததோ வேறு. இனிமேலும் காலம் தாழ்த்தலாகாது என 1959-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டபோது, மாவட்டத்தார் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கவே மறுத்துவிட்டனர். மோட்டன் பள்ளி மட்டுமன்று, மாவட்டத்துப் பொதுப் பள்ளிகள் அனைத்துமே பூட்டப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று உடனே தோன்றிற்று. அதன் கட்டணத்திற்குப் பொதுப் பணமும் உதவிற்று. கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர் தெருவில் நின்றனர். உங்களுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருகின்றோம் என்று ஒரு சொல் வந்தது. ஏற்றால் பிரிவினையை ஒப்பியதாகும். மறுத்தால் பிள்ளையின் படிப்புக் கெடும். அப்பெற்றோர் மறுத்தனர். எளிதில் எடுக்கக்கூடிய முடிவா இது?

சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பிற ஊர்களில் இருந்த உறவினரிடம் அனுப்பின. குவேக்கர் சமயத்தாரின் தொண்டு நிறுவனம் பிற மாநிலங்களில் சிலரைத் தங்கவைத்துப் படிப்பித்தது. கோயில் அறைகளில் சில மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லித் தந்தனர். பலருக்கு இவை எவையும் இல்லை. ஆறு வயதில் பள்ளி காண வேண்டிய குழந்தை பத்து வயதில் அரிச்சுவடியைத் தொட்டது. பதினாறு வயதில் நின்றவர் வயலுக்கும் ஆலைக்கும் போயினர், திரும்பவில்லை.

1963-இல் நன்கொடையால் நடைபெற்ற இலவசப் பள்ளிகள் ஓராண்டு இயங்கின. 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டத்தாரின் செயலைச் செல்லாதென்றது. அவ்வாண்டிலேயே பொதுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. வழக்குத் தொடுத்து 13 ஆண்டுகள் கழிந்திருந்தன. தொடுத்தவருள் பெரும்பாலோர் அதற்குள் பள்ளி வயதைக் கடந்துவிட்டனர்.

பார்பரா பின்னாளில் நூலகராகப் பணியாற்றி 1991-இல் மறைந்தார். 1939-இல் கட்டிய அப்பழைய கட்டடம் 2001-இல் அருங்காட்சியகம் ஆயிற்று. கதவடைப்பினால் படிப்பிழந்தோர்க்கு 2003-இல் மதிப்புச் சான்றிதழ் வழங்கினர்; மறுஆண்டு வர்ஜீனியா அரசு அவர்களுக்கென உதவித்தொகை ஏற்படுத்தியது. அதனைப் பெற்று மீண்டும் வகுப்பில் அமர்ந்தோருள் பேரப் பிள்ளைகளைக் கண்டவரும் இருந்தனர்.