கல்லெழுத்தும் கணினித் திரையும்



நம் உத்திரமேரூரிலே முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களை இன்றும் நாம் பகலொளியாலேயே படிக்கின்றோம். மின்தாள் திரையின் இயல்பும் அஃதே. எழுத்து மாறும்போது மட்டும் அதன் கரிய, வெண்ணிறத் துகள்கள் மின்சாரத்தால் நகரும். பின்னர் மின்செலவின்றியே நிற்கும். சாதாரண மடிக்கணினியோ பின்விளக்கை ஓயாது எரித்து மின்கலத்தை வற்றச் செய்யும். 2007-இல் வெளிவந்த எக்ஸ்ஓ என்னும் சிறுவர் மடிக்கணினியிற் பின்விளக்கை அணைத்தும் வெயிலிற் படிக்க இயன்றது. அசையும் படங்களுக்கு மின்தாள் அத்துணை ஏற்றதன்று. பாடம் படிக்கவோ சாலும்.

மின்கலம் ஓய்ந்தால் பிள்ளையின் படிப்பும் ஓயுமன்றோ? ஆகையால், நம் சிறார்க்குச் சங்கப் பொருளாற் கருவி வாங்குங்கால், விலையோடு திரையின் மின்செலவையும் நாம் வினவுவோமாக.