அயலார் படையும் அண்டை வீட்டுச் சண்டையும்



சில மாதங்களுக்கு முன் கடலூரில், கடற்கரையை அடுத்த ஒரு கல்லூரியில் நடைபெற்ற சொற்போருக்கு நடுவராக இருக்கும்படி என்னை அழைத்திருந்தனர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இத்தகைய அழைப்புகளுக்குக் குறைவே இல்லை. ஒரு பொன்னாடையும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்தால் போதும், அவன் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான் என்பது ஊரறிந்த உண்மை. அன்று கொடுக்கப்பட்டிருந்த பொருள், "உள்நாட்டுப் போரில் உழலும் நாட்டினுள் அயல்நாட்டுப் படை புகுவது தகுமா, தகாதா?" என்பது.

ஒட்டி நால்வரும் வெட்டி நால்வரும் பேசினர். நன்றாகவே பேசினர். 2011-இல் லிபியாவின்மீது குண்டு வீசிய வானூர்திகளைப் பற்றி ஒருவர் சொன்னார். ஆப்கானிஸ்தானத்தில் 1979-இல் நுழைந்து 1989-இல் வெளியேறிய ருஷ்யப் படையையும், 2001-இல் நுழைந்து 2021-இல் வெளியேறிய அமெரிக்கப் படையையும் இணைத்துக் காட்டினார் மற்றொருவர். எல்லாம் சரியே. ஆயினும் எண்மரில் ஒருவரேனும் சன்னல் வழியே வெளியே எட்டிப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது. அங்கே சிறிது தொலைவில், தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. அன்று அவர்கள் வாதித்த பொருளைப் பற்றி, நம் நாட்டளவில், முதன்முதலாகத் தீர்மானம் செய்யப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1690-ஆம் ஆண்டில் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் ஆங்கிலக் கம்பெனியார் இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்பது ஏற்பாடு. வாங்கியவர்கள் தங்களிடமிருந்த நல்ல பீரங்கியைத்தான் தேடி எடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டுவதில்லை. 1746-இல் சென்னைப் பட்டினத்தைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிவிடவே, தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டைக்கே வந்து சேர்ந்தது. 1748-இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. ஆனால் போருக்கென்று கொண்டுவந்து இறக்கிய சிப்பாய்கள் இங்கேயே இருந்தனர். வேலையின்றி இருக்கும் படை, வேலை செய்யும் படையைக் காட்டிலும் அதிகச் செலவு வைக்கும். அதற்கு எப்படியும் ஒரு வேலை தேடித்தான் ஆக வேண்டும்.

அந்த வேளையில் கோட்டை வாசலுக்கு ஒருவர் வந்தார். தஞ்சையில் சில காலம் மன்னராக இருந்து, பின்னர் அரியணையினின்று இறக்கப்பட்ட சாகுஜி அவர். தஞ்சையில் அப்போது ஆண்டவர் பிரதாப சிங். "எனக்கு நாட்டில் ஆதரவாளர் பலர் உண்டு. உங்கள் படை எல்லையில் கால் வைத்தவுடனே அவர்கள் திரண்டு வந்து சேர்ந்துகொள்வார்கள். செலவு முழுவதும் நான் தருகிறேன்; தேவிக்கோட்டையையும் தருகிறேன்" என்பது அவர் சொன்னதன் சாரம். தேவிக்கோட்டை என்பது சிதம்பரத்திற்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்தின் முகத்துவாரத்தருகே இருந்த கோட்டை. கம்பெனியாருக்குச் சாகுஜியின் நியாயம் எவ்வளவு தூரம் புரிந்ததோ, கொள்ளிடத்தின் முகத்துவாரம் நன்றாகப் புரிந்தது.

1749 வசந்த காலத்தில் கேப்டன் கோப் என்பவரின் தலைமையில் 430 ஐரோப்பியரும் 1,000 சிப்பாய்களும் புறப்பட்டனர். ஏப்ரலில் ஒரு கொடும் புயல் அடித்தது. கடலூர்க் கரைக்கு அப்பால் நின்ற 'நாமூர்' என்னும் போர்க்கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவரோடு மூழ்கிற்று. தரைவழி சென்ற படையும் அதே புயலில் சிக்கித் தவித்தது. ஒருவாறு கொள்ளிடக்கரை சேர்ந்து பார்த்தால், திரண்டு வருவார்கள் என்று சொல்லப்பட்ட ஆதரவாளர் ஒருவரையும் காணோம்! எதிரே நின்றது தஞ்சைப் படைதான். கோப் திரும்பிவிட்டார்.

பிழையை உணர்ந்தோர் அத்துடன் நின்றிருப்பர். கோட்டையிலிருந்தவர்களோ வேறுவிதமாக எண்ணினர். ஒரு முறை போய்த் தோற்றுத் திரும்பினால் மதிப்புக் குறைந்துவிடும் அல்லவா? ஆகவே இன்னும் பெரிய படை, மேஜர் லாரன்சு தலைமையில், இம்முறை கடல்வழியாகச் சென்றது. முன்னணியில் நின்ற இளைஞர் ராபர்ட் கிளைவ். அவருடன் ஓடிய வெள்ளையருள் பெரும்பாலோர் குதிரை வீரரால் வெட்டுண்டனர்; கிளைவ் மயிரிழையில் தப்பினார். ஜூன் மாதத்தில் தேவிக்கோட்டை வீழ்ந்தது.

மாணவர்களே, அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். சாகுஜிக்கு அரியணை கிடைத்ததா? இல்லை. ஆங்கிலேயர் யாரை எதிர்த்துப் படையெடுத்தனரோ அந்தப் பிரதாப சிங்குடனேயே உடன்படிக்கை செய்துகொண்டனர். தேவிக்கோட்டையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருவாயுள்ள நிலமும், போர்ச் செலவும் அவர்களுக்குக் கிடைத்தன. சாகுஜிக்கு ஆண்டொன்றுக்கு 4,000 ரூபாய் உபகாரச் சம்பளம். அவர் மீண்டும் தஞ்சைக்கு வந்து தொல்லை கொடாதபடி ஆங்கிலேயரே அவரைக் காத்து வைத்திருக்க வேண்டும்! உதவி கேட்டுக் கோட்டைக்குள் நுழைந்தவர், உதவி செய்தவர்களின் கைதியானார்.

அதன்பின் நடந்தவை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்தவை. அதே 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போர்; ஆர்க்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபு பக்கம் பிரெஞ்சுக்காரர், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர். வென்ற முகமது அலி கடனாளியானார். அவர் வழியினரின் ஆட்சி 1801-இல் கம்பெனியிடம் போயிற்று. தஞ்சையிலும் மற்றொரு வாரிசு வழக்கைக் கம்பெனியாரே தீர்த்து வைத்து, 1799-இல் இரண்டாம் சரபோஜியிடமிருந்து நாட்டு ஆட்சியை வாங்கிக்கொண்டனர். தேவிக்கோட்டை விழுந்து அப்போது சரியாக ஐம்பது ஆண்டுகள்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் வெட்டிப் பேசியவர்களே வென்றார்கள்" என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாம். அவ்வளவு எளிதில் விடுவதற்கில்லை. 1971-ஐ நான் கண்ணால் கண்டவன். அப்போது பள்ளி மாணவன். கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து நம் நாட்டிற்குள் வந்தனர். டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய போர் 16-ஆம் நாள் முடிந்தது. வங்காள தேசம் பிறந்தது. அடுத்த மார்ச்சில் நம் படை அந்நாட்டை விட்டுத் திரும்பியும் விட்டது. வந்த அகதிகள் தம் ஊருக்குச் சென்றனர். அங்கே அழைத்தவர்கள் நாடிழந்த ஓர் இளவரசரல்லர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் மக்கள் பெருவாரியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கட்சியினர். படையின் வேலை இன்னது என்பது தெளிவாக இருந்தது. முடிந்தபின் திரும்பும் மனமும் இருந்தது. எனவே படை புகுவதே பாவம் என்று சொல்ல என் நா எழவில்லை.

இனி 1987-க்கு வருகிறேன். இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுக் கூச்சம் உண்டு.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இளம் ஆசிரியன். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழருக்கு நேர்ந்த கொடுமையால் தமிழ்நாடே கொதித்திருந்தது. சிதம்பரத்தாருக்கு யாழ்ப்பாணம் அயலூர் அன்று; ஆறுமுக நாவலர் 1864-இல் இங்கே வந்து சைவப் பள்ளி நிறுவிய காலத்திற்கும் முன்பிருந்தே உள்ள உறவு அது. 1987 ஜூன் 4-ஆம் நாள் நம் வானூர்திகள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொருள்களைப் போட்டபோது தெருவில் நின்று கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். ஜூலை 29-இல் கொழும்பில் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்திய அமைதிப் படை அங்கே இறங்கத் தொடங்கிற்று. ஆகஸ்டில் எங்கள் பள்ளியில் இதே பொருளைப் பற்றிச் சொற்போர் வைத்தேன். முடிவுரையில், படை சென்றது அறமே என்று அரைமணி நேரம் முழங்கினேன்.

என் வகுப்பில் அகதி முகாமிலிருந்து வரும் ஒரு யாழ்ப்பாணத்துச் சிறுவன் இருந்தான். அவன் எழுந்து நன்றி கூறுவான் என்று எதிர்பார்த்து, "தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்" என்றேன். அவன் தயங்கி எழுந்தான். "சேர், எங்கட வீட்டில இப்ப சிங்கள ஆமி இருக்கு. அவை போனாப் பிறகு அங்க இந்தியன் ஆமி இருக்குமோ, நாங்கள் இருப்பமோ?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தனர். நானும் சிரித்துக்கொண்டே, "நீங்கள்தாம் இருப்பீர்கள்" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன்.

அக்டோபரில் அமைதிப் படையும் விடுதலைப் புலிகளும் போரிடத் தொடங்கினர். தீபாவளி நாளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்ற செய்தி வந்தது. யாரைக் காக்கச் சென்றோம் என்று நான் முழங்கினேனோ அவர்கள் அவர்கள். ஒரு கட்டத்தில் பல்லாயிரக்கணக்கான இந்தியப் படையினர் அத்தீவில் இருந்தனர்; ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரவில்லை.

புவனகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவர், என் மாணவன் ஒருவனுடைய அண்ணன், அப்படையில் இருந்தார். 1988-இல் விடுமுறையில் வந்தபோது என்னிடம் ஒரு நிகழ்ச்சி சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்பதால் அவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியிருந்தார்களாம். ஒரு நாள் ஒரு மூதாட்டி வந்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டாள். "சிதம்பரம்" என்றார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரு கைகளையும் தலைமேல் கூப்பினாளாம். பிறகு, "அப்ப என்ர பேரனை விடச் சொல்லு மோனை, ரெண்டு நாளா உள்ளுக்க வைச்சிருக்கிறாங்கள்" என்றாளாம். இவர் சாதாரணச் சிப்பாய். யாரையும் விடச் சொல்லும் அதிகாரம் இவருக்கு இல்லை. "ஐயா, அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

1749-இல் வந்தவர்கள் கோட்டைக்கும் வராகனுக்கும் வந்தார்கள். 1987-இல் சென்றவர்கள் அப்படிச் சென்றாரல்லர் என்றே இன்றும் நம்புகிறேன். மாகாண சபைகள் அந்த ஒப்பந்தத்தால் வந்தவையே. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர், போரிட்டுக்கொண்டிருந்தவர் வேறொருவர். புலிகள் கையெழுத்திடவில்லை. தென்னிலங்கையிலோ இந்தியப் படையை எதிர்த்தே ஒரு கலகம் மூண்டது. அழைத்த ஜனாதிபதி போய், 1989-இல் பிரேமதாசா பதவியேற்றதும் படையை வெளியேறச் சொன்னார். அவரும் புலிகளும் அந்நேரம் ஒரு பக்கம் ஆயினர்! 1990 மார்ச் 24-இல் கடைசி வீரரும் திரிகோணமலையை விட்டுக் கப்பலேறினார். சென்னையில் நடந்த வரவேற்பிற்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. அதற்கு அவர் காரணம் சொன்னார். அக்காரணத்தைத் தமிழகத்தில் பலர் ஏற்றனர். கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. புவனகிரி இளைஞரின் முகம் எனக்குத் தெரியும் அல்லவா?

படை போகாமல் இருந்துவிட்டால் கை சுத்தமாகிவிடுமோ? 2009-இல் முள்ளிவாய்க்கால் மணலில் பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டபோது, எந்த நாட்டுப் படையும் குறுக்கே நிற்கவில்லை. 1994-இல் ருவாண்டாவில் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டபோது, அங்கே முன்பே இருந்த ஐக்கிய நாடுகளின் சிறு படையையும் குறைத்துவிட்டார்கள். ருவாண்டாவைச் சொன்னது, கடலூர்ச் சொற்போரில் ஒட்டிப் பேசிய ஒரு மாணவி. அவர் மட்டுமே, "படை போக வேண்டும்" என்று சொல்லி நிறுத்தாமல், முதல் நாள் அது என்ன செய்ய வேண்டும், யார் சொன்னால் திரும்ப வேண்டும், திரும்பும் நாளை எப்போதே குறித்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். மற்ற எழுவரும் போகலாமா கூடாதா என்பதோடு நின்றுவிட்டனர். முதற்பரிசை அவருக்கே அளித்தேன். என் உள்ளம் பெரும்பாலும் எதிர்க்கட்சியில் இருந்தது என்பது வேறு. நடுவர் தம் கருத்துக்குப் பரிசு கொடுக்கலாகாது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அம்மாணவி என்னைத் தொடர்ந்து வந்து, "ஐயா, 1987-இல் தாங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டார். "உன் கட்சிதான் அம்மா, ஆனால் நீ கேட்ட கேள்விகளை நான் கேட்கவில்லை" என்றேன். அந்தச் சிறுவனைப் பற்றியும் சொன்னேன். 1988 தொடக்கத்தில் அவன் குடும்பத்தார் ஊர் திரும்பினர். ஓராண்டு கழித்து அவனிடமிருந்து பள்ளி முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. படிப்பைப் பற்றியும், அங்குள்ள ஆசிரியர்களைப் பற்றியும் எழுதிவிட்டு, முடிவில், தாங்கள் மாமா வீட்டில் தங்கியிருப்பதாகவும், தங்கள் வீட்டில் இப்போதும் ஆமிதான் இருப்பதாகவும், ஆமி மட்டும் மாறிவிட்டதாகவும் குறித்திருந்தான்.

"நீங்கள் பதில் எழுதினீர்களா?" என்று அவர் கேட்டார். எழுதினேன். அவன் கேட்ட கேள்விக்கு அன்று நான் சிரித்துக்கொண்டே தவறான விடை சொன்னதற்கு வருந்துவதாக எழுதினேன். அதற்குள் சிதம்பரம் பேருந்து வந்துவிட்டது.